டூம்: தீர்ப்பாக இருந்து அழிவான சொல் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஆங்கிலத்தில் ‘டூம்’ என்றால் இன்று நாசம், தப்ப முடியாத கேடு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் இங்கிலாந்தில் ஒருவரிடம் இந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால், சட்டம், தீர்ப்பு, புகழ், விருப்பம் ஆகியவற்றில் ஒன்றை அவர் நினைத்திருப்பார். அழிவை நினைத்திருக்க மாட்டார். பழைய ஆங்கிலப் பாடல்களைப் படிக்கும் மாணவர்களும் மொழிபெயர்ப்பில் இறங்குபவர்களும் தடுமாறும் சொற்களில் இது முக்கியமானது. அவர்கள் வழக்கமாக எழுப்பும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் எப்படி ஒலித்தது?

‘டோம்’. ஓகாரத்தை நன்றாக நீட்ட வேண்டும். பழைய ஆங்கிலம் என்று நாம் சொல்வது ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டு முதல் 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வழங்கிய மொழி. அதன் பிறகு, 15ஆம் நூற்றாண்டை ஒட்டி, ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் பெரிய அளவில் இடம் மாறின. அந்த மாற்றத்தில் ஓகாரம் ஊகாரமாயிற்று. நிலவைக் குறித்த ‘மோனா’ இன்று ‘மூன்’ ஆகியிருப்பதும், ‘டோம்’ இன்று ‘டூம்’ ஆகியிருப்பதும் ஒரே மாற்றத்தின் விளைவுகள். இங்கே பழைய வடிவத்தை டோம் என்றும் இன்றைய வடிவத்தை டூம் என்றும் எழுதுகிறேன்.

அதன் அடிப்படைப் பொருள் என்ன?

‘வைக்கப்பட்டது’, ‘நிறுவப்பட்டது’. வைத்தல் என்ற பொருளுடைய மிகப் பழைய இந்தோ-ஐரோப்பிய வேர் ஒன்றிலிருந்து இது பிறந்தது. செய்தலைக் குறிக்கும் ‘டூ’, செயலைக் குறிக்கும் ‘டீட்’ ஆகிய ஆங்கிலச் சொற்களும் அதே வேரில் கிளைத்தவை. வைப்பதற்கு உரிமை உள்ளவர் ஆராய்ந்து ஒன்றை வைக்கிறார். வைத்தது அங்கேயே நிற்கிறது. இந்தக் கருத்தைப் பிடித்துக்கொண்டால், பின்னால் வரும் பொருள்கள் அனைத்தும் ஒரே மரத்தின் கிளைகள் என்பது தெரியும். மன்னர் வைத்தால் அது சட்டம். நீதிபதி வைத்தால் தீர்ப்பு. ஒருவரைப் பற்றி ஊரார் வைத்தது புகழ். நானே எனக்கு வைத்துக்கொண்டது விருப்பம். கடவுள் வைத்தது இறுதி நியாயத்தீர்ப்பு.

தமிழில் இதற்கு இணையான சொல் உண்டா?

உண்டு. இணை மட்டுமா, தூரத்து உறவும்கூட.

‘விதி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சாலை விதி, தேர்தல் விதி, இலக்கண விதி என்னும்போது அது சட்டம், ஒழுங்கு. அபராதம் விதித்தார், தண்டனை விதித்தார் என்னும்போது தீர்ப்பு. ‘எல்லாம் என் தலைவிதி’ என்னும்போது மாற்ற முடியாத ஊழ். ஒரே சொல் இந்த மூன்றையும் சுமக்கிறது. நமக்கு அதில் எந்தக் குழப்பமும் இல்லை. டோம் நடந்து வந்ததும் ஏறத்தாழ இதே பாதைதான்.

உறவு எங்கே வருகிறது என்றால், ‘விதி’ வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்தது. அதன் வேர் வைத்தலைக் குறிக்கும் ‘தா’ என்ற வினை. வல்லோசைத் தகரத்தில் தொடங்கும் அந்த வினையும், டோம் பிறந்த வேரும் ஒன்றே என்பது ஒப்பியல் மொழியியலில் நன்றாக நிலைபெற்ற முடிவு. சேர்த்து வைப்பது சந்தி, பத்திரமாக வைப்பது நிதி. சமாதியும் அதே வினையின் குழந்தை. திருமாலைப் பரந்தாமன் என்கிறோமே, அதிலுள்ள ‘தாமம்’ அதே வினையிலிருந்து வந்தது. இருப்பிடம் என்ற பொருளோடு, வகுத்து வைத்த ஒழுங்கு என்ற பொருளும் வேத மொழியில் அதற்கு உண்டு. கிரேக்கர்கள் நீதித் தெய்வத்துக்கு வைத்த ‘தேமிஸ்’ என்ற பெயரும் இந்த வேரினதே.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. இது ஆங்கிலத்துக்கும் வடமொழிக்கும் உள்ள உறவு. தமிழ் வேறு குடும்பத்து மொழி. ‘விதி’ நம்மிடம் வந்து தங்கிய சொல். ஆனாலும் டோமின் பல பொருள்களை உள்ளிருந்து உணர்வதற்கு இந்த ஒரு சொல் போதும். ஆங்கிலேய மாணவர் அகராதியைப் புரட்டி மனப்பாடம் செய்ய வேண்டியதைத் தமிழ் வாசகர் தம் வாய்ச்சொல்லிலிருந்தே பிடித்துக்கொள்ளலாம்.

சட்டம் என்ற பொருளில் எங்கே வருகிறது?

ஆங்கிலத்தில் எழுதப்பட்டு நமக்குக் கிடைத்திருக்கும் சட்டத் தொகுப்புகளில் மிகப் பழையதன் தலைப்பிலேயே வருகிறது. கென்ட் நாட்டு மன்னர் எத்தல்பெர்ட் கி.பி. 600ஐ ஒட்டிய ஆண்டுகளில் வகுத்த சட்டங்கள் அவை. கிறிஸ்தவத்தைப் பரப்ப ரோமிலிருந்து துறவி அகஸ்டின் 597இல் கென்டில் வந்து இறங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. 1120களில் ராச்செஸ்டர் தேவாலயத்தில் எழுதப்பட்ட ஒரே கையெழுத்துப் படியில் அவை தப்பிப் பிழைத்துள்ளன. ‘அகஸ்டினின் நாளில் எத்தல்பெர்ட் மன்னர் வைத்த டோமாஸ் இவை’ என்கிறது தலைப்பு. ‘டோமாஸ்’ என்பது பன்மை. வைத்த என்ற வினையும் பக்கத்திலேயே நிற்பதைக் கவனியுங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது? பெரும்பாலும் இழப்பீட்டுப் பட்டியல். கட்டைவிரலை வெட்டினால் 20 ஷில்லிங். கட்டைவிரல் நகம் மட்டும் போனால் 3. அம்பு எய்யும் விரல், அதாவது ஆள்காட்டி விரல், 8. நடுவிரல் 4. தங்கம் அணியும் விரல் 6. சுண்டுவிரல் 11. முன்பற்கள் நான்கில் ஒவ்வொன்றுக்கும் 6, அடுத்த பல்லுக்கு 4, அதற்கடுத்ததற்கு 3, மற்றவை ஒவ்வொன்றும் 1 ஷில்லிங்.

இந்தப் பட்டியலைச் சிலர் காட்டுமிராண்டித்தனம் என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விரலுக்கு விரல், உயிருக்கு உயிர் என்று இரு குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வெட்டிக்கொள்ளும் ஊரில், ‘இதோ இந்த விரலுக்கு இவ்வளவு, வாங்கிக்கொண்டு போ’ என்று அளவு வைப்பது பெரிய காரியம். டோம் என்ற சொல்லின் முதல் முகம் இதுதான்: பழிக்குப் பழியை நிறுத்துவதற்காக வைக்கப்பட்ட அளவு.

தீர்ப்பு என்ற பொருளுக்குச் சான்று?

நிறைய உண்டு. நீதிபதிக்கு ‘டோமெரே’ என்றும் ‘டேமா’ என்றும் பெயர்; நீதிபதியின் இருக்கை ‘டோம்செட்ல்’. 871 முதல் 899 வரை ஆண்ட மன்னர் ஆல்பிரட் தொகுத்த சட்ட நூலை, அவருக்குப் பின் ஆண்ட மகன் எட்வர்டின் சட்டம் ‘டோம்போக்’, அதாவது தீர்ப்பு நூல், என்று குறிப்பிடுகிறது. அதிகாரிகள் அந்த நூலில் உள்ளபடியே தீர்ப்பு வழங்க வேண்டும் என்பது எட்வர்டின் ஆணை.

ஆல்பிரட்டின் நூல் பத்துக் கட்டளைகளோடு தொடங்குகிறது. அதன் முன்னுரையில் ஓர் இடம் என் மனதை விட்டு அகலாதது. ‘மிகச் சமமாகத் தீர்ப்பிடு. செல்வருக்கு ஒரு டோம், ஏழைக்கு வேறொரு டோம் என்று வைக்காதே. வேண்டியவருக்கு ஒன்று, வேண்டாதவருக்கு ஒன்று என்றும் வைக்காதே’ என்கிறது அது. விவிலியத்தின் யாத்திராகமத்தைத் தழுவிய வரி என்றாலும், ஆங்கிலத்தில் அதன் ஓசை தனி. டோம் என்ற பெயரும் அதன் வினையும் மாறி மாறி விழுகின்றன.

ஆல்பிரட் இதை எழுதி வைத்ததோடு நிற்கவில்லை. தவறாகத் தீர்ப்பு வழங்கிய அதிகாரிகளை அழைத்து, ‘ஒன்று எழுத்தறிவு பெறுங்கள், இல்லையேல் பதவியை விடுங்கள்’ என்று சொன்னதாக, அவருடைய வாழ்க்கையை எழுதிய வேல்ஸ் நாட்டு ஆயர் ஆஸெர் குறிப்பிடுகிறார். முதிய வயதில் எழுத்துக் கூட்டத் தொடங்கினார்களாம் அந்த அதிகாரிகள்.

புகழ் என்ற பொருள் எங்கிருந்து வந்தது? சட்டத்துக்கும் புகழுக்கும் என்ன தொடர்பு?

தீர்ப்பு நீதிமன்றத்தில் மட்டும் நடப்பதில்லை. ஒருவர் வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றி மற்றவர்கள் சொல்லும் முடிவும் தீர்ப்புதான். அது நல்லதாக இருந்தால் புகழ். வீரயுகப் பாடல்களில் டோம் வந்தால், பாதிக்கு மேல் இந்தப் பொருளில்தான் வருகிறது.

கி.பி. 1000ஐ ஒட்டி எழுதப்பட்ட ஒரே கையெழுத்துப் படியில் நமக்குக் கிடைத்த ‘பேயோவுல்ஃப்’ 3182 அடிகள் கொண்ட வீரகாவியம். டேனிய மன்னர் ரோத்கார் தம் நெருங்கிய ஆலோசகரை இழந்து கதறும்போது பேயோவுல்ஃப் சொல்லும் ஆறுதல் புகழ்பெற்றது. அழுவதைவிடப் பழிதீர்ப்பது மேல். வாழ்வின் முடிவு நம் எல்லோருக்கும் உண்டு. ‘முடிந்தவர் சாவுக்கு முன் டோமை ஈட்டட்டும், போனபின் வீரனுக்கு அதுவே சிறந்தது’ என்கிறான். இங்கே ‘அழிவை ஈட்டட்டும்’ என்று பொருள் கொண்டால் கதையே கெட்டுவிடும்.

‘டோம்யேயோர்ன்’ என்றால் புகழ் வேட்கை உடையவன். ‘டோம்லேயாஸ்’ என்றால் புகழற்ற, மானங்கெட்ட. தலைவனைப் போர்க்களத்தில் விட்டு ஓடியவர்களின் செயலைப் ‘பேயோவுல்ஃப்’ கவிஞர் டோம் இல்லாத செயல் என்று ஒரே அடியில் முடிக்கிறார்.

ஒரே பாட்டில் இரண்டு பொருள்களும் வருவதுண்டா?

உண்டு, அதுவும் அருகருகே. 991இல் எஸெக்ஸ் கடற்கரையில் மால்டன் என்ற ஊருக்கு அருகே நடந்த போரைப் பாடும் ஒரு பாட்டு இருக்கிறது. அதன் கையெழுத்துப் படி 1731இல் ஒரு நூலகத் தீயில் எரிந்துபோனது. முன்பே எடுத்து வைத்த நகலால் 325 அடிகள் பிழைத்தன. தலையும் வாலும் இல்லாத பாட்டு.

ஆற்றின் ஒரு கரையில் கப்பல்களில் வந்த டேனியக் கொள்ளைப் படை. மறுகரையில் பிர்த்நோத் என்ற முதிய தலைவரும் அவருடைய ஆட்களும். எதிரியின் தூதன் ஆற்றோரம் நின்று கத்துகிறான்: உன் மக்களை மீட்க நினைத்தால், கடலோடிகளுக்கு ‘அவர்களுடைய சொந்த டோம்படி’ பணம் கொடு, சமாதானமாகப் போகிறோம். அதாவது எவ்வளவு என்பதை அவர்களே வைப்பார்கள், நீ கேள்வி கேட்கக் கூடாது. கப்பமாக ஈட்டிகளைத்தான் தருவோம் என்று பிர்த்நோத் திருப்பிச் சொல்கிறார். போர் மூள்கிறது. தொண்ணூறு அடிகள் கழித்து, டேனியரோடு பொருது ‘டோமை வெல்ல’ விரும்பும் ஒவ்வொரு வீரனையும் அவர் ஊக்குகிறார்.

முதல் இடத்தில் டோம் என்பது எதிரி தன் விருப்பப்படி வைக்கும் தொகை. இரண்டாம் இடத்தில் அது நம்மவர் உயிரைக் கொடுத்து ஈட்டும் பெயர். கவிஞர் வேண்டுமென்றே இந்த இரண்டையும் எதிரெதிராக நிறுத்தினார் என்றே நான் படிக்கிறேன். எதிரியின் டோமுக்குப் பணிந்தவருக்குத் தன் டோம் கிடைக்காது.

அறிஞர்கள் இன்னும் வாதிடும் இடம் ஏதாவது உண்டா?

பேயோவுல்ஃப் இறக்கும் இடம். அவனுடைய ஆன்மா நெஞ்சை விட்டு நீங்கி ‘நேர்மையாளரின் டோமை’ நாடிச் சென்றது என்கிறது 2820ஆம் அடி. நேர்மையாளருக்குக் கடவுள் வழங்கும் நல்ல தீர்ப்பா? அப்படியானால் கிறிஸ்துவை அறியாத இந்த வீரனுக்கு மீட்பு உண்டு. நேர்மையான மனிதர்கள் அவனைப் பற்றிச் சொல்லப்போகும் புகழா? அப்படியானால் வானுலகம் பற்றிப் பேச்சே இல்லை. இலக்கணம் இரண்டுக்கும் இடம் தருகிறது.

கவிஞர் கிறிஸ்தவர், பாடப்படும் வீரன் கிறிஸ்தவத்துக்கு முந்திய உலகத்தவன். இரண்டு உலகத்திலும் செல்லுபடியாகும் சொல்லைத் தேடி எடுத்து வைத்திருக்கிறார். ஒரு பொருளை மட்டும் தேர்ந்து மற்றதை அடைத்துவிடும் மொழிபெயர்ப்பு இந்த அடிக்கு நியாயம் செய்யாது.

ஃப்ரீடம், விஸ்டம், கிங்டம் இவற்றில் கடைசியில் வரும் ‘டம்’ இதுதானா?

ஆம், அதே டோம்தான். அழுத்தம் இல்லாத இடத்தில் நின்றதால் குறுகி ‘டம்’ ஆயிற்று. தொடக்கத்தில் இவை இரு சொற்கள் சேர்ந்த தொகைகள். அறிவுடையவரின் டோம் என்பது காலப்போக்கில் அறிவுடையவராக இருக்கும் நிலை என்று பொருள்பட்டது. மன்னரின் டோம் எங்கெல்லாம் செல்லுமோ அந்த நிலப்பரப்பு கிங்டம். இப்படித் தீர்ப்பு அதிகாரமாகி, அதிகாரம் எல்லையாகி, கடைசியில் வெறும் ‘நிலை’ என்ற பின்னொட்டாகத் தேய்ந்தது.

பழைய ஆங்கிலத்தில் இந்தப் பின்னொட்டு பெற்றிருந்த சில சொற்கள் இன்று இல்லை. எனக்கு அதில் வருத்தமே. மருத்துவருக்கு ‘லேச்செ’ என்று பெயர், மருந்துக்கு ‘லேச்செடோம்’. புனிதருடைய எலும்பு போன்ற திருப்பொருளுக்கு ‘ஹாலிடோம்’. அடிமை நிலைக்கு ‘தேயோடோம்’. பின்னொட்டு மட்டும் இன்றும் சோர்ந்துபோகவில்லை: ஸ்டார்டம், ஃபேன்டம் என்று புதிய சொற்களைப் பெற்றுக்கொண்டே இருக்கிறது.

டீம்ட் பல்கலைக்கழகம் என்கிறோமே, அந்தச் சொல்லுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு. டோமின் வினை வடிவம் ‘டேமன்’. தீர்ப்பிடுதல் என்று பொருள். அதுவே இன்றைய ‘டீம்’. பல்லைக் குறிக்கும் டூத், பன்மையில் டீத் ஆவதுபோல, பழைய காலத்தில் அடுத்த அசையில் இருந்த இகர ஓசை முன்னால் உள்ள உயிரை இழுத்து மாற்றிவிட்டது. உணவைக் குறிக்கும் ஃபூட், உண்பிக்கும் ஃபீட் என்ற இணையும் அப்படியே. டூம், டீம் இரண்டையும் இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள்.

இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 1956ஆம் ஆண்டுச் சட்டம், மூன்றாம் பிரிவின்படி ஒரு கல்வி நிறுவனத்தைப் பல்கலைக்கழகமாகவே ‘கருதலாம்’ என்று மத்திய அரசு அறிவிக்க இடமளிக்கிறது. தமிழில் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்கிறோம். அந்தக் ‘கருதல்’ வெறும் எண்ணம் இல்லை. உரிமை உள்ளவர் வைத்த முடிவு, சட்டத்தின் கண்ணில் அது செல்லும். ஆகவே சட்ட ஆவணங்களில் வரும் ‘டீம்ட்’ என்ற சொல்லில் எத்தல்பெர்ட் காலத்துப் பொருள் இன்றும் முழுதாக உயிரோடிருக்கிறது. டூம் இழந்ததை டீம் காப்பாற்றி வைத்திருக்கிறது.

‘டூம்ஸ்டே புத்தகம்’ உலக அழிவைப் பற்றியதா?

இல்லை. அது நில வருவாய்க் கணக்கு.

1066இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மண்டியின் வில்லியம், 1085 கிறிஸ்துமஸின்போது குளோஸ்டரில் அவை கூட்டி ஆணையிட்டார்; 1086இல் ஊர் ஊராகக் கணக்கெடுத்தார்கள். 1066இல் இறந்த எட்வர்ட் மன்னர் (ஆல்பிரட்டின் மகன் அல்ல) காலத்தில் நிலம் யாரிடம் இருந்தது, இப்போது யாரிடம் இருக்கிறது, எத்தனை ஏர், எத்தனை ஆலை, எவ்வளவு மேய்ச்சல், என்ன மதிப்பு. ஒரு மாடோ பன்றியோகூடக் கணக்கில் விடுபடவில்லை, சொல்லவே வெட்கமாக இருக்கிறது என்று அக்காலத்து ஆங்கிலோ-சாக்சன் வரலாற்றுக் குறிப்பை எழுதியவர் மனம் கொதித்து எழுதிவைத்தார்.

புத்தகம் இலத்தீனில் உள்ளது. பெயர் மட்டும் ஆங்கிலம். வைத்தவர்கள் மக்கள். இரண்டாம் ஹென்றியின் கருவூல அதிகாரி ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1179ஐ ஒட்டி இதற்கு விளக்கம் தருகிறார்: கடைசி நாளின் நியாயத்தீர்ப்பை எப்படித் தட்டிக் கழிக்க முடியாதோ, அப்படியே இந்தப் புத்தகத்தில் உள்ளதற்கும் மேல்முறையீடு இல்லை, ஆகவே உள்ளூர் மக்கள் இதற்குத் தீர்ப்பு நாள் என்று பெயரிட்டார்கள். இன்று அது லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. தமிழில் ‘தீர்ப்பு நாள் புத்தகம்’ என்று எழுதுங்கள். ‘அழிவு நாள்’ என்று எழுதினால், வென்றவர்களின் கணக்கின் முன் நின்ற மக்களின் உணர்வு அப்படியே காணாமல் போய்விடும்.

சரி, எப்போது இது அழிவாக மாறியது?

ஒரே நாளில் மாறவில்லை. இரண்டு பக்கத்திலிருந்து நெருக்கடி வந்தது.

முதல் நெருக்கடி நீதிமன்றத்தில். நார்மானியர் வருகைக்குப் பின் சட்டத்தின் மொழி பிரெஞ்சாயிற்று. ஜட்ஜ், கோர்ட், ஜஸ்டிஸ், சென்டென்ஸ் எல்லாம் அந்த வழியில் வந்தவை. ‘லா’ என்ற சொல் அதற்கும் முன்பே ஸ்காண்டிநேவியரின் மொழியிலிருந்து வந்து உட்கார்ந்துவிட்டது. டோமுக்கு அன்றாட வேலை குறைந்தது. ஆனாலும் உடனே சாகவில்லை. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் கவிஞர் சாசரின் ‘கேன்டர்பரி கதைகளில்’ வரும் ஃபிராங்க்ளின் என்ற நிலக்கிழார் ஓர் இளைஞனைப் பாராட்டும்போது ‘என் டூம்படி, பேச்சுத் திறனில் உனக்கு இங்கே நிகரில்லை’ என்கிறார். என் கருத்தில் என்று பொருள். அதே காலத்து ஆங்கில மொழிபெயர்ப்பான விக்ளிஃப் விவிலியத்தில், தீர்ப்பிடாதீர்கள் என்று இயேசு சொல்லும் இடத்தில் டீமும் டூமும்தான் வருகின்றன. 1611இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில் அதே இடத்தில் இரண்டையும் காணோம். ஜட்ஜ், ஜட்ஜ்மென்ட் என்று மாறிவிட்டது.

இரண்டாம் நெருக்கடி தேவாலயத்தில். உலக முடிவில் நடக்கும் நியாயத்தீர்ப்புக்குப் பழைய ஆங்கிலத்திலேயே ‘டோமெஸ் டைய்’ என்று பெயர். மற்ற தீர்ப்புகளெல்லாம் புதுப் பெயர் பெற்றுப் போய்விட, இந்த ஒரு தீர்ப்பு மட்டும் பழைய பெயரோடு நின்றது. அதுவும் சுவரில் வரைந்து காட்டப்பட்டது. இடைக்கால இங்கிலாந்தின் தேவாலயங்களில் பீடத்துக்கு முன்னுள்ள வளைவின் மேல் வரையப்பட்ட இந்தக் காட்சிக்கே ‘டூம்’ என்று பெயர். வானவில்லின் மேல் கிறிஸ்து. ஒரு பக்கம் மீட்கப்பட்டவர்கள். மறு பக்கம் பெரிய மிருகத்தின் திறந்த வாயாக நரகம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வாரந்தோறும் அண்ணாந்து பார்த்தது இதைத்தான். அந்தச் சுவரில் தீர்ப்பு இரண்டு பக்கமும் போகும். கண்ணில் தங்கியது நரக வாய் என்பது என் எண்ணம்.

ஷேக்ஸ்பியரிடம் இந்த மாற்றத்தை நேரில் பார்க்கலாம். நாடுகடத்தல் செய்தியோடு வரும் துறவியிடம், இளவரசரின் ‘டூம்’ டூம்ஸ்டேக்குக் குறைவாக இருக்குமா என்று ரோமியோ கேட்கிறான். முதல் டூம் இன்னும் தண்டனைத் தீர்ப்புதான். ஆனால் பக்கத்தில் உலக முடிவின் இருள் ஏறிவிட்டது. பிற்பாடு அந்த இருள் மட்டும் மிஞ்சியது.

அந்த ஓவியங்களை இன்று பார்க்க முடியுமா?

முடியும். 16ஆம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தத்தில் பெரும்பாலானவற்றின் மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். சாலிஸ்பரியில் புனித தோமா தேவாலயத்தில் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிய ஓவியம் மீண்டும் வெளிப்படுத்தப்பட்டுக் காட்சியளிக்கிறது. சஃபோக் பகுதியில் வென்ஹாஸ்டன் என்ற சிற்றூரின் கதை இன்னும் வியப்பானது. அங்கே ஓவியம் மரப்பலகைகளில் இருந்தது. 1892இல் தேவாலயத்தைப் புதுப்பித்தவர்கள், வெள்ளையடித்த பழைய பலகைகள் என்று கழற்றி வெளியே போட்டார்கள். இரவில் மழை பெய்தது. சுண்ணாம்பு கரைந்து வழிய, ஆன்மாக்களைத் தராசில் நிறுக்கும் தேவதூதர் மிக்கேல் உள்ளிட்ட உருவங்கள் வெளியே வந்தன. பலகைகள் இப்போது அதே தேவாலயத்துக்குள் உள்ளன.

டோம் என்ற கோபுரக் கூரை, டொமெஸ்டிக், டொமைன் இவையும் உறவா?

இல்லை. அவை வீட்டையும் வீட்டுத் தலைவரையும் குறிக்கும் இலத்தீன் சொற்களிலிருந்து வந்தவை. ஜெர்மனியில் பேராலயத்தை ‘டோம்’ என்பார்கள். அதுவும் இலத்தீன் வழி. அரிதாக என்ற பொருளுடைய ‘செல்டம்’ முடிவில் ‘டம்’ என்று ஒலித்தாலும் இந்தப் பின்னொட்டு அதில் இல்லை. ‘ரேண்டம்’ பிரெஞ்சிலிருந்து வந்தது.

மற்ற மொழிகளில் இதன் உடன்பிறப்புகள்?

ஸ்வீடிஷ் மொழியில் ‘டோம்’ என்றால் இன்றும் தீர்ப்புதான். அழிவின் நிழல்கூட இல்லை. நார்வேயில் கால்பந்து ஆட்டத்தின் நடுவரும் நீதிமன்ற நீதிபதியும் ஒரே சொல்லால் ‘டொம்மர்’ எனப்படுகிறார்கள். ஜெர்மனில் பின்னொட்டு ‘டூம்’ என்று நிற்கிறது, செல்வம் ‘ரைஷ்டூம்’.

பழைய பொருளில் யாராவது இன்றும் பதவி வகிக்கிறார்களா?

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே உள்ள மான் தீவில் உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்கு ‘டீம்ஸ்டர்’ என்றே பெயர். பதவியேற்கும்போது அவர்கள் எடுக்கும் உறுதிமொழியில், மீனின் நடுவே ஹெர்ரிங் முதுகெலும்பு எப்படி எந்தப் பக்கமும் சாயாமல் கிடக்கிறதோ அப்படிச் சட்டத்தை நிறைவேற்றுவேன் என்று வருகிறது. மீனவர் தீவின் சட்ட மொழி அது. டெம்ஸ்டர் என்ற ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயரும் இந்தத் தொழிலிலிருந்து வந்ததே.

இன்றைய வழக்கில் புதிதாக என்ன?

அணு விஞ்ஞானிகளின் இதழ் ஒன்று 1947இல் அட்டையில் போட்ட ‘டூம்ஸ்டே கடிகாரம்’, நள்ளிரவுக்கு, அதாவது உலக அழிவுக்கு, ஏழு நிமிடம் காட்டியது. இன்றும் முள்ளை நகர்த்துகிறார்கள். 2020இல் நோய்த்தொற்று நாள்களில் கைபேசியில் கெட்ட செய்திகளை விடாமல் தள்ளித் தள்ளிப் படிப்பதற்கு ‘டூம்ஸ்க்ரோலிங்’ என்ற பெயர் பரவியது. இவற்றில் தீர்ப்பு என்ற எண்ணமே இல்லை, கேடு மட்டுமே. ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த டோல்கீன் மட்டும் தம் கதைகளில் பழைய பொருளை விடாமல் பயன்படுத்தினார். அவருடைய தேவர்கள் கூடித் தீர்ப்பு வழங்கும் இடத்துக்கு ‘டூம் வளையம்’ என்று பெயர்.

தமிழில் மொழிபெயர்க்கும்போது எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது?

யார் வைக்கிறார், யார் மேல் வைக்கிறார் என்று முதலில் பாருங்கள். மன்னர் பன்மையில் வைத்தால் சட்டங்கள். வழக்கில் வந்தால் தீர்ப்பு. வீரனோடு ஈட்டுதல், வெல்லுதல் போன்ற வினைகள் வந்தால் புகழ். ‘தன் சொந்த’ என்ற அடை முன்னால் இருந்தால் விருப்பம், அல்லது தன் முடிவு. சமயப் பாடலில் நாளோடு சேர்ந்து வந்தால் நியாயத்தீர்ப்பு. ஷேக்ஸ்பியர் காலத்திலிருந்து வரும் நூல்களில் கேடு, ஊழ் என்ற திசையிலும் யோசிக்கலாம். இரு பொருளும் பொருந்தும் இடத்தில், வினையாக வருமானால் ‘விதித்தல்’ கைகொடுக்கும். ஆனால் வீரப் புகழுக்கு அது உதவாது. அங்கே ‘பெயர்’ என்ற எளிய சொல்லை முயன்று பாருங்கள். ‘பெயர் எடுத்தான்’ என்பதில் ஊராரின் தீர்ப்பும் அடங்கியிருக்கிறது.

மேலும் தேட விரும்பினால்?

போஸ்வர்த், டாலர் ஆகிய இருவரின் பெயரால் வழங்கும் பழைய ஆங்கில அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. டோம் என்ற பதிவில் தொடங்கி, டேமன் என்ற வினைக்குப் போய், பிறகு டோம் முன்னொட்டாக வரும் தொகைச் சொற்களைப் பாருங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் மூல அடிகள் அங்கேயே தரப்பட்டிருக்கின்றன. அகராதி தரும் பொருளைப் படிக்கும் முன் அந்த அடியைப் படித்து, நீங்களே ஒரு பொருளை முடிவு செய்துவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள்.